ஜன்னலுக்கு வெளியே நீல முக்காடு!

"பூவை நேசிக்கிறவன் கையில் ஒருநாளும் ரத்தக்கறை படியாது!"

தலைவர் நிலைக்கண்ணாடி முன் நின்று, வலது கையை உயர்த்தி, இந்த வாக்கியத்தை மூன்றாவது முறையாகச் சொல்லிப் பார்த்தார்.

கம்பீரமாக இருந்தது.

உண்மையாகவும் இருந்தது.

ஏழு வருடங்களுக்கு முன் அவர் தன் மனைவியைக் கொன்றபோது ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தவில்லை!

ட்ரிங்... ட்ரிங்...

மேஜை மேல் டெலிபோன் அலறியது. எடுத்தார்.

"மலர் அன்பர் சங்கத் தலைவர், மலர்ச் செம்மல்..."

"போதும் தலைவரே. அந்தப் பட்டத்தை அச்சடிச்சு ஒட்டினவளே நான்தான்."

சங்கத்தின் செயலாளர் அம்மா. தபால் ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இன்றும் ஒவ்வொரு வார்த்தையையும் குத்தித்தான் அனுப்புவார்.

"இன்னிக்கு தோட்ட உலா. ஞாபகம் இருக்கில்ல? பதினோரு மணிக்கு இருபத்தி நாலு பேர் வர்றோம். முதல் தோட்டம் உங்களோடது."

"என்னோடதா? நான் ஒத்துக்கவே இல்லையே!"

"ஏழு வருஷமா ஒத்துக்கல. துக்கம், துக்கம்னீங்க. ஏழு வருஷமா தண்ணி ஊத்தினா எந்தச் செடியும் அழுகிடும் தலைவரே. கமிட்டி தீர்மானம் போட்டாச்சு."

"இல்லம்மா... தோட்டம் பராமரிப்பில்லாம..."

"அப்புறம், உங்க மச்சினனும் வர்றார்."



"எந்த மச்சினன்?"

"பத்துப் பதினஞ்சு பேர் இருக்கற மாதிரி கேக்கறீங்களே! உங்களுக்கு இருக்கறதே ஒருத்தர்தானே? இன்ஸ்பெக்டர். என்னைக் கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்லியிருக்கார். உங்க சம்சாரத்தோட பொருள் ஏதோ கிடைச்சிருக்காம். உங்க கையில நேர்ல குடுக்கணுமாம்."

டொக்.

லைன் போய்விட்டது.

பொருளா...? என்ன பொருள்...?

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். ஜன்னலைப் பார்த்தார்.



ஜன்னலுக்கு வெளியே... யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

உயரமாக. ஒல்லியாக. தலையில் நீல முக்காடு போட்டுக்கொண்டு. லேசாகக் குனிந்து, கண்ணாடி வழியாக, அவர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்ப்பதுபோல!

தலைவர் கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

அப்புறம்தான் அது ஆள் இல்லை என்று தெரிந்தது.

பூ!

ஆள் என்றால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது அவருக்கு.

வசநாபி. ஆறடி தண்டு. தண்டின் உச்சியில் வரிசை வரிசையாகக் கருநீலப் பூக்கள். ஒவ்வொரு பூவும் முக்காடு போட்ட சின்னத் தலை மாதிரி. கண்ணுக்கு அழகு. கிழங்கிலிருந்து பூவரைக்கும் விஷம். குளிர் வந்தால் தண்டு, இலை எல்லாம் வாடி மண்ணோடு மண்ணாகிவிடும். செத்துவிட்டது என்று நினைப்போம். சாகாது. கிழங்கு கீழே கண்ணை மூடிக் காத்திருக்கும். மழை விட்டதும் அதே இடத்தில் எழுந்து நிற்கும்.

அதே இடத்தில் எழுந்திருந்தால் தலைவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

இது வேறு இடத்தில் எழுந்தது. ஏழு வருடமாக!

* * *

தலைவர் வீட்டு அலமாரியில் பன்னிரண்டு கோப்பைகள். எல்லாவற்றிலும் அவர் பெயர். ஆனால் தோட்டம் மனைவியுடையது. அவள் குழி வெட்டுவாள், இவர் கோட்டு மாட்டுவார். அவள் நகத்தில் மண், இவர் கழுத்தில் பதக்கம். இருபத்திரண்டு வருடம் இந்த ஏற்பாடு சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு குளிர்காலக் காலையில் அவள் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்த வருஷம் கண்காட்சிக்கு என் பேர்ல குடுக்கலாம்னு இருக்கேங்க."

"ஏன்?"

"நட்டது நான்தானே?"

இரண்டே சொல்! அலமாரியில் பன்னிரண்டு கோப்பையும் ஆட்டம் கண்டன.

ஊர் என்ன கேட்கும்? அப்போ இத்தனை நாள் தலைவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கும். தலைவருக்கு ரோஜாவுக்கும் ரொட்டிக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்கும். அவருக்குத் தெரியாது.

நூலகத்தில் ஒரு புத்தகம் இருந்தது. அதில் ஒரு பக்கம். 'வசநாபி. இதயத்தை நிறுத்தும். பார்க்க மாரடைப்பு போலவே இருக்கும்.'

தோட்டத்துக்குப் போனார். குளிர்காலம். செடியெல்லாம் மண்ணுக்குள் அடங்கிவிட்ட நேரம். பாத்திகள் மொட்டைத் தலைபோல் கிடந்தன. வரிசையாக நின்ற சின்ன மரப்பலகைகள்தான் அடையாளம். ஒரு பலகையில் அவளுடைய உருண்டைக் கையெழுத்து: 'வசநாபி'.

தோண்டினார். இரண்டு ஜோடிக் கையுறை போட்டுக்கொண்டு கழுவினார், துருவினார், சூப் வைத்தார். மத்தியானம் அவரே எடுத்துப்போய்க் கொடுத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தாள். மடியில் பின்னல் ஊசி. கூப்பிட்டார். அசையவில்லை.

டாக்டர் வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார். 'மாரடைப்பு' என்று எழுதினார்.

மறுநாள் காலையில் தலைவர் அந்தப் பலகைக்குக் கீழே இருந்த கிழங்கு அத்தனையையும் தோண்டி எரித்துவிட்டார். தடயம் காலி! கூடவே, 'இனி போட்டியிட மாட்டேன், அவள் நினைவாக' என்று சங்கத்தில் சபதமும் செய்தார். சங்கம் கண் கலங்கி அவரை நிரந்தர நடுவராக்கியது.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது... மழைக்காலம் முடியும்வரை.

ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறந்தார். தோட்டத்துக் கோடியில், மதில் ஓரமாக, 'டேலியா' என்று அவள் எழுதி வைத்த பலகைக்குப் பின்னால்... நீல முக்காடு போட்டு நாலு பேர் நின்றார்கள்!

எரித்த செடி!

டேலியா இருக்கவேண்டிய இடத்தில்!

அலறிக்கொண்டு ஓடி மண்வெட்டியால் கொத்தினார். கண்டபடி கொத்தினார். கொத்திய மண்ணை வாரித் தூர வீசினார். அடுத்த வருடம் அது வீசிய இடத்தில் நின்றது. நாலு பேர் இல்லை, ஒன்பது பேர். மறுபடி கொத்தினார். அதற்கடுத்த வருடம் பதினேழு பேர், இன்னும் பத்தடி முன்னால்.

அவள் நடந்து வருகிறாள் என்று தலைவருக்குப் புரிந்தது. வருஷத்துக்குப் பத்தடி. அவசரமே இல்லாமல். உயிரோடு இருந்தபோதும் அவள் அப்படித்தான், எதற்கும் அவசரப்பட மாட்டாள்.

யாரிடமாவது கேட்கலாம்தான். 'இந்தச் செடி ஏன் இப்படிச் செய்கிறது?' என்று சங்கத்தில் கேட்டால் இருபத்தி நாலு பேரும் பதில் சொல்வார்கள்.

ஆனால் தலைவர் எப்படிக் கேட்பார்?

இப்போது அவள் எழுதும் அறை ஜன்னலுக்கே வந்துவிட்டாள்.

* * *

மணி பத்தே முக்கால்.

தலைவர் அரிவாளோடு ஜன்னலடிக்கு ஓடினார். இரண்டு ஜோடிக் கையுறை. மூக்கில் கைக்குட்டை. போன கோடையில் தண்ணீர் தேங்குகிறது என்று அவரே மண் அள்ளிக் கொட்டி மேடாக்கிய இடம் அது. அங்கே எப்படி...?

பூ அவரைவிட அரையடி உயரம். அண்ணாந்து பார்த்தார்.

"போயிடு" என்றார் மெல்ல. "ஏழு வருஷம் ஆச்சு... என்னதான் வேணும் உனக்கு?"

பூ தலையாட்டியது.

காற்று இல்லை!

"ஆட்டாதே! தலையை ஆட்டாதே! நான் என்ன செய்யணும்? சொல்லிடணுமா? சொல்லிட்டா போயிடுவியா?"

பூ மறுபடி தலையாட்டியது. முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு வண்டு பின்பக்கமாக வெளியே வந்தது. உடம்பெல்லாம் மகரந்தம். அவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த முக்காட்டுக்குள் நுழைந்தது.

"யார்கிட்ட அத்தான் பேசறீங்க?"

அரிவாள் கையிலிருந்து நழுவியது!

பின்னால் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர். சீருடை இல்லை. சாதாரணச் சட்டை. கையில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று.

"மாப்ள! கேட்டு பூட்டியிருந்துதே?"

"பூட்டித்தான் இருந்துது. போலீஸ்காரனுக்குப் பூட்டுங்கறது ஒரு வேண்டுகோள் மாதிரி அத்தான்." கையுறைகளைப் பார்த்தான். அரிவாளைப் பார்த்தான். "பூப் பறிக்க வந்த மாதிரி தெரியலையே. ஆபரேஷனுக்கு வந்த மாதிரி இருக்கு."

"களை... களை எடுக்கறேன்."

"ஆறடி களையா! கொடுத்து வெச்ச தோட்டம்." பூவை அண்ணாந்து பார்த்தான். "அக்கா இதே உயரம்தான் இல்ல? கொஞ்சம் கூனல் விழுந்து..."

"ஏன் மாப்ள இப்ப அதையெல்லாம்?"

"சும்மா. ஞாபகம் வந்துது."

தோட்ட பெஞ்சில் உட்கார்ந்தான். டின்னை மடியில் வைத்துக்கொண்டான். மூடியை விரலால் தட்டினான். டொக்... டொக்... டொக்...

"இது என்னன்னு தெரியுதா அத்தான்?"

"பிஸ்கட் டின்."

"அக்காவோட விதை டின். அவ போன அன்னிக்கு, ஞாபகமா இருக்கட்டும்னு எடுத்துட்டுப் போனேன். பரண்ல போட்டு மறந்தே போயிட்டேன். போன வாரம் எலி வந்துதுன்னு என் வீட்டுக்காரி பரணையே கவுத்தா. திறந்து பாத்தா உள்ள விதைப் பொட்டலமா இருக்கு. அடியில..."

"அடியில?"

"ஒரு நோட்டு."

வண்டின் ரீங்காரம் திடீரென்று பெரிதாகக் கேட்டது தலைவருக்கு.

"தினமும் எழுதியிருக்கா அத்தான். எதை எங்க நட்டேன், என்ன உரம் போட்டேன், எல்லாம். அவ போன நாள்வரைக்கும்."

"போன... நாள்வரைக்குமா?"

"ஆமா. அன்னிக்கு மத்தியானம்கூட."

கேட் கிறீச்சிட்டது. தலைவர் சட்டென்று திரும்பினார்.

செயலாளர் அம்மா! ஒரு கையில் குடை. தோளில் பெரிய கைப்பை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் காலியாக வந்து கனமாகத் திரும்பும் பை அது. சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரிடமும் அப்படி ஒரு பை இருந்ததால் யாரும் பேசுவதில்லை.

"என்ன தலைவரே, பராமரிப்பில்லன்னீங்க! அடேயப்பா... என்ன உயரம்! என்ன நீலம்!"

பூவை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!! விஷம்!!"

தலைவரின் கத்தலில் மதில் மேல் இருந்த காகம் பறந்தது.

செயலாளர் அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"விஷம்னு எனக்குத் தெரியும். தண்டை ஒடிச்சாத்தானே கைக்கு ஆபத்து, பூவைப் பாக்கக்கூடாதா? ஆனா தலைவரே..." கண்களைச் சுருக்கினார். "என் தோட்டத்துல வசநாபி என்னிக்குமே இருந்ததில்லன்னு போன வருஷக் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னீங்களே?"

"அது..."

"மினிட்ஸ்ல எழுதியிருக்கேன். நீங்க கையெழுத்துக்கூடப் போட்டீங்க."

"போன வருஷம் இல்ல. இது இப்பதான்... தானா வந்துது."

"தானாவா?" மச்சினன் சிரித்தான். "நடந்து வந்துதா அத்தான்?"

தலைவரின் முகம் வெளுத்தது. இவனுக்கு எப்படித் தெரியும்?

"உக்காருங்கம்மா" என்றான் மச்சினன், செயலாளர் அம்மாவிடம். "அக்கா நோட்டுலேர்ந்து ஒரு பக்கம் படிக்கலாம்னு இருக்கேன். தோட்டக் கலை தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்தா நல்லது. எனக்குக் கிழங்கு எது, கூழாங்கல் எதுன்னுகூடத் தெரியாது."

டின்னைத் திறந்தான். பழுப்பு அட்டை நோட்டு. மூலையில் காய்ந்த மண்ணோடு ஒரு கைரேகை. அவளுடைய கட்டைவிரல்.

"எந்தப் பக்கம் மாப்ள?"

"போலீஸ் புத்தி அத்தான். எந்த நோட்டையும் கடைசிப் பக்கத்துலேர்ந்துதான் படிப்பேன்."

பக்கங்கள் சரசரத்தன.

தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நீல முக்காடு. குனிந்த தலை. அவரையே பார்த்துக்கொண்டு. மெதுவாக... மிக மெதுவாக... தலையாட்டியது.

சொல்லிடு.

"படிக்காதே!!"

தலைவர் மண்டியிட்டு விழுந்தார். கையுறைக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

"படிக்காதே மாப்ள... நானே சொல்லிடறேன். நான்தான் கொன்னேன்! உங்க அக்காவை நான்தான் கொன்னேன்! வசநாபிக் கிழங்கைச் சூப்புல போட்டுக் குடுத்தேன். மாரடைப்பு இல்ல. விஷம்! ஏழு வருஷமா விடமாட்டேங்கறா. கொத்திக் கொத்திப் போடறேன், எழுந்து எழுந்து வர்றா. இன்னிக்கு ஜன்னலுக்கே வந்துட்டா. என்னைக் கூட்டிட்டுப் போயிடு மாப்ள. ஜெயில்ல தோட்டம் இல்லாத பக்கமாப் போடு!"

செயலாளர் அம்மாவின் குடை தொப்பென்று விழுந்தது.

மச்சினன் அசையவில்லை. கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

"எதுக்கு அத்தான்?"

"கண்காட்சிக்கு அவ பேர்ல குடுக்கப் போறேன்னா."

"அதுக்கா?"

"பன்னிரண்டு கோப்பை மாப்ள!"

வண்டு பூவுக்குள் முணுமுணுத்தது.

"தலைவரே..." செயலாளர் அம்மாவின் குரல் வழக்கம்போல் குத்தவில்லை. "கிழங்கை எங்க தோண்டினீங்க?"

"வசநாபிப் பலகைக்குக் கீழே."

"செடியைப் பாக்கலையா?"

"குளிர்காலம். செடி ஏது? வெறும் மண்ணு. பலகையைப் பார்த்துத்தான் தோண்டினேன்."

"கிழங்கு எப்படி இருந்துது? கறுப்பா, குட்டிக் கேரட் மாதிரி, வாலோடவா?"

"இல்ல... கொத்துக் கொத்தா. சர்க்கரைவள்ளி மாதிரி."

செயலாளர் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ தலைவரே! அது டேலியா!"

"என்னது?"

"டேலியாக் கிழங்கு! அதைத் தின்னா பசி அடங்கும், உயிர் அடங்காது! எங்க வீட்டு எலி தினமும் தின்னுட்டு ஓட்டப் பந்தயம் ஓடுது!"

"பொய்! பலகையில வசநாபின்னு எழுதியிருந்துது!"

"பலகையில எழுதியிருந்தா?" செயலாளர் அம்மா மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "இன்ஸ்பெக்டர் சார், இவர் ஒத்துக்கிட்ட மாதிரி நானும் ஒண்ணை ஒத்துக்கணும். இவர் சொல்ற அந்தக் குளிருக்கு முந்தின வருஷம், இதே தோட்டத்துல டேலியாக் கிழங்கு திருடினேன்."

"திருடினீங்களா?"

"எங்க சங்கத்துல எல்லாருமே திருடுவோம் சார். கேட்டு வாங்கி நட்டா வராது, திருடி நட்டாத்தான் தழைக்கும்னு ஒரு நம்பிக்கை. குளிர்காலத்துலதான் கிளம்புவோம். பலகையைப் பார்த்து, கையை விட்டு, பையில போட்டுட்டு வந்துடுவோம். நான் 'டேலியா'ன்னு போட்ட இடத்துல எடுத்தேன். நட்டேன். மழை முடிஞ்சதும் என் வீட்டு வாசல்ல ஆறடிக்கு நீலமா வசநாபி எழுந்து நின்னுது! பேரப் பிள்ளைங்க விளையாடற இடம். வெலவெலத்துப் போயிட்டேன். யார்கிட்ட சொல்றது? திருடினேன்னு சொல்லணுமே!"

மச்சினன் நோட்டின் நடுப்பக்கத்தைப் பிரித்து நீட்டினான். பாத்திகளின் படம். பக்கத்தில் அதே உருண்டைக் கையெழுத்து.

"குளிர் வந்ததும் பலகையெல்லாம் மாத்தி வெச்சுடுவா அக்கா. வருஷா வருஷம். 'சங்கத்துத் திருடர்களுக்காக'ன்னு எழுதியிருக்கா. பாருங்க, டேலியான்னு போட்ட இடத்துலதான் நிஜ வசநாபி."



அப்படியானால் தலைவர் எரித்தது டேலியா. வசநாபியை அவர் தொடவே இல்லை. அது தன் இடத்தில் தூங்கி, தன் நேரத்தில் எழுந்திருக்கிறது. எந்த மூலையில் எது பூக்கும் என்பது இருபத்திரண்டு வருடம் அங்கேயே குடியிருந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை!

"ஆனா... நடந்து வந்துதே! வருஷத்துக்குப் பத்தடி!"

"நீங்கதானே கொத்திக் கொத்தி வீசினீங்க?" செயலாளர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "முளை ஒட்டியிருந்தா நகத்துண்டு கிழங்குகூடப் பிழைச்சு எழுந்துடும். ஒண்ணைக் கொத்தினா ஒன்பது. இந்த ஜன்னலடி மேட்டுக்கு மண் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"அங்க... கொத்தின இடத்துலேர்ந்து."

"அப்போ நீங்கதான் அதைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க தலைவரே. ஏழு வருஷமா இந்த ஊர்லயே வசநாபியை இவ்வளவு நல்லா வளர்த்த ஆள் நீங்க ஒருத்தர்தான்!"

தலைவர் மெல்ல எழுந்தார். முழங்காலில் மண். முகத்தில் நம்ப முடியாத ஒரு வெளிச்சம்.

"அப்போ... நான் கொலைகாரன் இல்ல?"

"டாக்டர் எழுதினதுதான் நிஜம் அத்தான். நெஞ்சு நின்னுது. டேலியாவால யாருக்கும் நிக்காது."

ஏழு வருடத்தில் முதல் தடவையாகத் தலைவர் மூச்சை முழுசாக இழுத்தார். பாதி இழுக்கும்போதே கேட்டுப் பக்கம் சலசலப்பு. தொப்பிகள், குடைகள், காலியான கைப்பைகள். தோட்ட உலா! இருபத்தி மூன்று பேரும் கம்பிக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ!

ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"தலைவருக்கு டேலியாக் கிழங்குக்கும் வசநாபிக்கும் வித்தியாசம் தெரியாதாமே!"

"சீ! சும்மா இரு. நிரந்தர நடுவர்யா அவர்!"

"அதான் கேக்கறேன். எனக்கு மூணு வருஷமா ஆறுதல் பரிசு குடுத்தாரே மனுஷன்!"

தலைவரின் முகத்து வெளிச்சம் அணைந்தது. மச்சினன் கையைப் பற்றினார்.

"மாப்ள! எழுதிக்கோ! நான்தான் கொன்னேன். வசநாபிதான். நல்லாத் தெரிஞ்சுதான் தோண்டினேன். கறுப்பா... வாலோட... குட்டிக் கேரட் மாதிரி இருந்துது!"

"அத்தான், இப்பதானே சர்க்கரைவள்ளின்னீங்க?"

"அது பதட்டத்துல சொன்னது! வசநாபி! வசநாபி!" கேட்டைப் பார்த்துக் கத்தினார். "நான் கொலைகாரன்! கேட்டுக்கோங்க எல்லாரும்!"

மச்சினன் கையை விடுவித்துக்கொண்டான்.

"கொலைகாரன்னா ஜெயில்தான். டேலியா தெரியாதுன்னா பதவியே போயிடும். அதானே உங்க கணக்கு?"

"மாப்ள..."

"கவலைப்படாதீங்க. கொலை முயற்சிக்கு தனியா ஒரு பிரிவு இருக்கு. நோட்டை மட்டும் நம்பி வந்திருந்தா கோர்ட்டுல நின்னிருக்காது. அதுக்குத்தான் அம்மாவை முன்கூட்டியே வரச் சொன்னேன். ஒரு சாட்சி போதும்னு நினைச்சேன்." கேட்டுப் பக்கம் பார்த்தான். "இருபத்தி நாலு கிடைச்சிருக்கு."

தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ... ஏற்கனவே படிச்சுட்டியா? கடைசிப் பக்கத்தை?"

"போன வாரமே."

"அவளுக்கு... அவளுக்குத் தெரியுமா?"

மச்சினன் கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். குரல் தாழ்ந்தது.

"'காலை: வசநாபிப் பலகையடியில் புதுக் குழி. ஓரமெல்லாம் கோணல்மாணலாக வெட்டியிருக்கிறது. சங்கத்துத் திருடர்கள் இப்படி வெட்ட மாட்டார்கள். இவரேதான்.

"'மத்தியானம்: சூப் கொண்டுவந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அடுப்படிக்குப் போயிருக்கிறார். வாசனையிலேயே தெரிந்துவிட்டது, டேலியா. அவர் போட நினைத்தது எது என்பதும் தெரிந்துவிட்டது.

"'திருடர்களுக்காகத்தான் பலகையை மாற்றினேன். வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் வருவார் என்று நினைக்கவில்லை.

"'குடித்து முடிக்கிறவரைக்கும் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததில்லை.

"'நெஞ்சு கனக்கிறது. கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறேன்.'"

நோட்டு மூடிக்கொண்டது.

செயலாளர் அம்மா அழுதுகொண்டிருந்தார். கைப்பையைத் திறந்து கைக்குட்டை தேடினார். உள்ளே ஒரு சின்ன மண்வெட்டிதான் இருந்தது.

"மாப்ள..." தலைவர் மூடிய நோட்டையே பார்த்தார். "அப்போ அவ நெஞ்சு எதனால நின்னுது?"

"டாக்டர் ஃபாரத்துல அதை எழுத ஒரு கட்டமும் இல்ல அத்தான்."

தலைவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். நீல முக்காடு அசையாமல் நின்றது. வண்டு போய்விட்டது. இனி அது தலையாட்டாது என்று அவருக்குத் தோன்றியது. ஆட்டினால்கூடத் தேவலை என்றும் தோன்றியது.

"நடங்க அத்தான்."

நடந்தார். கேட்டில் நின்ற கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் ஜன்னலடிச் செடி மேல்தான் இருந்தது. கைப்பைகள் மெல்லத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஜீப் அருகே தலைவர் நின்றார்.

"நோட்டுல அவ்வளவுதானா? எனக்குன்னு... ஒண்ணும் எழுதலையா அவ?"

மச்சினன் நோட்டை மறுபடி பிரித்தான்.

"இன்னும் ஒரு வரி இருக்கு. படிக்க வேணாம்னு பார்த்தேன்."

"படி மாப்ள."

படித்தான்.

"'சூப்பில் உப்பு இல்லை.'"